ஏழாம் கணக்கு

ஜூன் 3

தம்பிக்கு,

போன வாரம் ஃபோன் பண்ணினேன். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாய். துறைத் தலைவர் ஆனதிலிருந்து வாயால் பேசுகிறவர்கள் யாரும் உன் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரிவதில்லை. சரி, எழுத்திலேயே தருகிறேன்.

நம் பொருளாதாரப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு அட்டை தயாராகிவிட்டது. நீ எனக்கு அனுப்பவில்லை. பதிப்பாளர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் பழைய முகவரிகளைப் பார்த்து, தெரியாத்தனமாக எனக்கும் ஒன்று அனுப்பிவிட்டாள். முதல் பதிப்பில் உன் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு தராசுப் படம் இருக்கிறது. தராசு அழகாகத்தான் இருக்கிறது.

பாடங்களை எழுதியது நீ. பாடத்தின் கடைசியில் வருகிற கணக்குகள் அத்தனையும் எழுதியது நான். பிள்ளைகள் எதற்காக அந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஒரு பிரதியைப் புரட்டிப் பார். உன் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பென்சில் கோடு, டீக் கறை, கிழிசல் எல்லாம் என் பக்கங்களில்தான்.

என் பெயர் எங்கே? கேள்வி இது ஒன்றுதான்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

3-ஆம் தேதியிட்ட உன் கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதன் தொனி எனக்கு வருத்தமளிக்கிறது.

ஒரு நூலின் ஆசிரியர் என்பவர் கருத்தைத் தருபவர். பயிற்சிக் கணக்குகள் அதன் ஓரத்தில் வருபவை. 'ஒருவருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, அதில் அவர் மீன் பிடிக்கலாம் அல்லது வலை பின்னலாம்' என்று எழுதுவதற்கு ஆசிரியர் தேவையில்லை, பொறுமை போதும். உன்னிடம் பொறுமை இருந்தது, நான் மறுக்கவே இல்லை. முன்னுரையில் 'கணக்குகளைத் தொகுக்க உதவிய என் மூத்த சகோதரிக்கு நன்றி' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு நான் இந்த அளவுகூடச் செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பாடம் நடத்துவது ஒரு மாலைக் கல்லூரியில். அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகங்கள் ஒரு புத்தகத்தைப் பாடமாக வைக்கின்றன. இதில் சொந்தபந்தம் பார்க்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

தொகுக்க உதவினேனா? நான் என்ன, உனக்குக் காய்ந்த துணியை மடித்துக் கொடுத்தேனா?

மாடியில் நாம் இருந்த அந்த இரண்டு அறை வீட்டை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இருந்தது ஒரே மேசை. ஒரு பாதியில் உன் தாள்கள் கிடக்கும், மறு பாதியில் நான் வெங்காயம் நறுக்குவேன். ஒரு பாடத்தை முடித்ததும் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "அக்கா, இதுக்கு ஒரு பத்து கணக்கு போடேன்" என்பாய், கொஞ்சம் உப்பு போடேன் என்கிற மாதிரி. அடுப்பில் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும், நான் மனதுக்குள் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். எண் சரியாக உட்காராத கணக்கு, பாடம் புரிந்த பிள்ளையையும் குழப்பிவிடும். அதைச் சரியாக உட்கார வைப்பதுதான் வேலை. நீ அந்த வேலையை ஒரு நாளும் செய்ததில்லை. அதனால்தான் அது சுலபம் என்று தோன்றுகிறது.

அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எதையெல்லாம் விட்டேன் என்று சொல்லட்டுமா? ஆராய்ச்சிப் படிப்புக்குக் கிடைத்த இடம். வெளியூரில் கிடைத்த வங்கி வேலை. என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட அந்த நில அளவையாளர். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். எல்லாவற்றையும் கூட்டிப் பார். அதுதான் உன் புத்தகத்தின் வாய்ப்புச் செலவு.

என் பெயரைப் போடு. இல்லையென்றால் என் கணக்கு ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. பதிப்பாளருக்கும் இதையே எழுதிவிட்டேன்.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

வாய்ப்புச் செலவு என்பது விட்டுவிட்ட எல்லாவற்றின் கூட்டல் அல்ல. ஒரே நேரத்தில் நீ ஆராய்ச்சியும் செய்து, வங்கியிலும் உட்கார்ந்து, நில அளவையாளரோடு குடும்பமும் நடத்தி, இடையில் தூங்கியும் இருக்க முடியாது. விட்டவற்றில் மிகச் சிறந்தது எதுவோ அது ஒன்று மட்டுமே செலவு. முதலாம் ஆண்டு மாணவன் இப்படிக் கூட்டி எழுதினால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். புத்தகத்தின் இரண்டாம் பாடத்திலேயே இது இருக்கிறது. எழுதியது நான்.

மிரட்டலுக்கெல்லாம் நான் மசிகிற ஆள் இல்லை. உன் கணக்குகளை முழுக்க எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். விடுமுறை வருகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் பத்து கணக்கு நானே எழுதிக்கொள்கிறேன். காலை நடைக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில் முடிந்துவிடும் வேலை.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

நீ சொன்னது சரிதான். கோபத்தில் கூட்டிவிட்டேன், ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள். மிகச் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். அந்த ஆராய்ச்சி இடம்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே வருடம் இடம் கிடைத்தது. அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு மருந்து வாங்க யாராவது ஒருவர் சம்பாதித்தாக வேண்டும். "எழுத்துல நான் கெட்டி, வீட்டுல நீ கெட்டி. நீ வேலைக்குப் போயிட்டு வீட்டையும் பாத்துக்க அக்கா. நான் முடிச்சுட்டு வந்ததும் நீ போ" என்று சொன்னாய். முடித்துவிட்டு வந்தாய். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

அந்த இடத்துக்குப் பதிலாக எனக்கு இந்த ஜன்மத்தில் வந்து சேர்ந்தது அட்டையில் என் பெயர் மட்டும்தான். மாலைக் கல்லூரியில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போவேன். அட்டை வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு போவேன். அதையும் எடுத்துவிட்டாய். எனக்கு வலிக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காலை நடைக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில் எழுதப் போகிற மகானுக்கு என் வாழ்த்துகள். எழுதி முடித்ததும் ஒரு பத்து எனக்கும் அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டபடி பத்து கணக்குகள் இணைத்திருக்கிறேன். சிற்றுண்டிக்கு முன்னால் முடியவில்லை, கூடுதலாகச் சில வாரங்கள் எடுத்தது உண்மைதான். நிர்வாக வேலைகள் அதிகம்.

ஏழாம் கணக்கை நீ குறிப்பாகப் பார்க்க வேண்டும். நம் வீட்டை வைத்தே எழுதினேன். உனக்குச் செய்யும் மரியாதை என்று வைத்துக்கொள்.

'ஒரு வீட்டில் ஓர் அக்காவும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். இருவருக்கும் தினமும் ஆளுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் தம்பியால் நான்கு பக்கம் எழுத முடியும், அல்லது நான்கு சாப்பாடு சமைக்க முடியும். அக்காவால் மூன்று பக்கம் எழுத முடியும், அல்லது ஒரு சாப்பாடு சமைக்க முடியும். யார் எந்த வேலையைச் செய்வது வீட்டுக்கு நல்லது? விடை: தம்பி எழுத வேண்டும், அக்கா சமைக்க வேண்டும்.'

வேலைப் பிரிவினை என்றால் என்ன என்று இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. உன் பழைய மனக்குறைக்கும் இதில் பதில் இருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

பத்து கணக்கையும் பார்த்தேன். மாலைக் கல்லூரியின் ஆசிரியர் அறையில், மின்விசிறி சத்தத்துக்கு மேலே நான் சிரித்த சத்தம் கேட்டு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

உன் மூன்றாம் கணக்கில், முடி வெட்டும் கடைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைப் பேர் வருகிறார்கள். அந்த அரை ஆள் யார்? எந்தப் பாதிக்கு முடி வெட்டுகிறார்கள்? ஒன்பதாம் கணக்கில் செருப்பின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அதாவது கடைக்காரர் செருப்பையும் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து அனுப்புகிறார். அந்தக் கடையின் முகவரியைத் தயவுசெய்து தெரியப்படுத்து, என் செருப்பு தேய்ந்துவிட்டது.

ஏழாம் கணக்குக்கு வருகிறேன். நான்கு சாப்பாடா? எனக்குக் காய்ச்சல் வந்த அந்த வாரம் ஒரே ஒரு நாள் முட்டை பொரித்தாய். பாதி ஓடு அதிலேயே இருந்தது. அதை இன்றுவரை கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சமையலில்கூட என்னைவிட ஒரு படி கீழே உன்னை எழுத உன் கை வரவில்லை. இல்லையா?

எண்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உதவினேன் என்று மறுபடியும் நன்றி சொல்லிவிடுவாய். ஒன்று மட்டும் செய். விடையைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு தாளில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முடி வெட்டும் கடையையும் செருப்பையும் திருத்திவிட்டேன். தட்டச்சுப் பிழைகள்.

ஏழாம் கணக்கு அப்படியே இருக்கும். அது உனக்கு ஏன் கசக்கிறது என்று எனக்குப் புரிகிறது. என் துறையில் இதை நான் யாரிடமும் காட்டிச் சரிபார்க்க வேண்டிய நிலையில் இல்லை, என்னிடம்தான் மற்றவர்கள் காட்டுவார்கள். புத்தகம் நேற்று அச்சுக்குப் போய்விட்டது.

தம்பி


அக்டோபர் 6

அக்கா,

உனக்குத் திருப்திதானே? தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாய்.

புதிய பதிப்பு வந்த முதல் வாரம். நானே முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். ஏழாம் கணக்கை யாராவது கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். "சார், நீங்க சொல்ற மாதிரி செஞ்சா நாலு பக்கம், ஒரு சாப்பாடு" என்று ஒரு பக்கம் எழுதினாள். "மாத்திப் போட்டா அக்கா மூணு பக்கம் எழுதிடுவாங்க. தம்பி கால் மணி நேரம் எழுதினா மிச்சம் ஒரு பக்கமும் முடிஞ்சிடும். பாக்கி முக்கால் மணி நேரம் சமைச்சா மூணு சாப்பாடு" என்று மறு பக்கம் எழுதினாள். அதே நான்கு பக்கம், ஆனால் மூன்று சாப்பாடு. என் விடையில் ஒன்று. சாக்பீஸை வைத்துவிட்டு, "அப்ப தம்பிதானே சார் சமைக்கணும்?" என்று கேட்டாள். கிண்டலாகக்கூட இல்லை, சந்தேகமாகக் கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது தாழ்வாரத்தில் நான் போனால் "சாப்பாடு ஆச்சா சார்?" என்று கேட்கிறார்கள். என் மனைவி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, கரண்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிழையைச் சுட்டிக்காட்டி மூன்று கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

சொந்த அக்கா செய்கிற காரியமா இது?

தம்பி


அக்டோபர் 10

தம்பிக்கு,

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு மந்திரவாதியை ஏன் திட்டுகிறாய்? போட்டுப் பார் என்று எழுத்தில் கொடுத்தேன். எழுத்தில்தானே கேட்பாய்.

இரண்டு வேலையிலும் கெட்டிக்காரன் என்பதால் எந்த வேலை உயர்ந்ததோ அதை அவன் எடுத்துக்கொள்ளலாம் என்று உன் பாடத்தில் எங்கேயாவது இருக்கிறதா? ஒரு பக்கம் எழுதுவதற்காக அவன் எத்தனை சாப்பாட்டை இழக்கிறான், அவள் எத்தனையை இழக்கிறாள் என்று பார்க்கச் சொல்கிறது பாடம். நீ ஒரு பக்கம் எழுதினால் ஒரு சாப்பாடு போகிறது. நான் எழுதினால் ஒரு சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. வருடா வருடம் இதை நீ வாயால் சொல்லிக்கொடுக்கிறாய். ஒரு நாளும் உட்கார்ந்து போட்டதில்லை.

அந்தப் பெண் போட்ட கணக்கை இங்கே மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்த வருடம் "எழுத்துல நான் கெட்டி" என்று நீ சொன்னபோது நான் அதை நம்பிவிட்டேன். நீ என்னைவிடக் கெட்டியாகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் போயிருக்க வேண்டியது நான்தான், உன் எண்களே அதைத்தான் சொல்கின்றன. இத்தனை வருடம் கழித்து, நீயே உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பழையதைக் கிளற வேண்டாம். காரியத்துக்கு வருவோம்.

பதிப்பாளர் விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறார். உன் கணக்குகள் திரும்ப வந்தால்தான் மறு அச்சு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அட்டையில் உன் பெயர் இருக்கும். என் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில். முன்னுரையில் உன்னைப் பற்றி ஒரு முழுப் பத்தியும் எழுதுகிறேன். தராசுப் படத்தை எடுத்துவிடலாம்.

இதற்கு மேல் ஒரு தம்பி இறங்கி வர முடியாது. சம்மதம் என்று ஒரு வரி எழுது போதும். மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

தம்பி


அக்டோபர் 27

தம்பிக்கு,

மாணவர்கள் காத்திருக்கிறார்களா? உன் நாற்காலி காத்திருக்கிறது என்று சொல்.

நுகர்வோர் உபரி என்று ஒரு பாடம் எழுதியிருக்கிறாயே, ஆறாவது பாடம். ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாய், கடைசியில் எவ்வளவு கொடுத்து வாங்கினாய், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாங்குகிறவனுக்கு லாபம். ஜூன் மாதம் நான் கேட்டது உன் பெயருக்குக் கீழே ஒரு வரி. சின்ன எழுத்தாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இப்போது பக்கத்தில் இடம், அதே அளவு எழுத்து, முன்னுரையில் ஒரு பத்தி, தராசையும் தூக்கிவிடுகிறேன் என்கிறாய். அன்றைக்கே வாங்கியிருந்தால் இந்த வித்தியாசம் மொத்தமும் உனக்கு மிச்சம். கடை திறந்திருந்தபோது கைவீசிக்கொண்டு போய்விட்டு, சாத்திய கதவை இப்போது தட்டுகிறாய்.

ஆமாம், கடையைச் சாத்திவிட்டேன். பதிப்பாளர் போன மாதமே வந்து பார்த்தார். ஆசிரியர் அறையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "தம்பி புத்தகத்துக்குக் குடுக்கலைன்னா, கணக்கு மட்டும் தனிப் புத்தகமா போடலாமாம்மா?" என்று கேட்டார். பழைய கணக்குகளோடு புதிதாகவும் நிறைய எழுதியிருக்கிறேன். அட்டையில் ஒரே பெயர். உன்னோடு சேர்ந்தால் அதைத்தான் நான் விட வேண்டியிருக்கும். விட்டதில் மிகச் சிறந்த ஒன்று எது என்று இந்தத் தடவை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாம் கணக்கையும் சேர்த்திருக்கிறேன். உன் எண்களை ஒன்றுகூட மாற்றவில்லை. விடை மட்டும் வேறு.

அக்கா


நவம்பர் 2

அக்கா,

மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அந்தக் கணக்கை மட்டும் எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

எடுக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்த்து வேலையைப் பிரிப்பது எப்படி என்று சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு என்னிடம்கூட இல்லை. எண்கள் அவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கின்றன. என் மாலைக் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் எல்லோரும் உன்னை மாதிரியே தப்பாகப் போட்டார்கள். அப்புறம் எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் அது நான் எழுதியது இல்லை. அதனால் கணக்குக்குக் கீழே உன் பெயர், பட்டம், பதவி எல்லாம் போட்டு, 'இந்தக் கணக்கை எழுதியவர்' என்று தெளிவாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியது ஒரே ஒரு கணக்காக இருந்தாலும், எழுதியவருடைய பெயரைப் போட வேண்டும். இதில் சொந்தபந்தம் பார்க்க முடியாது.

அந்தப் பக்கத்தின் புரூஃபை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு யாரும் அனுப்பவில்லை, நான் உனக்கு அனுப்புகிறேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தில் கொடு.

அக்கா